மணிச் சத்தத்தில் விழுகிறவர்கள்

அந்த வரியைப் படித்தபோது என் ஒரு கையில் காபிக் கோப்பை, இன்னொரு கையில் மவுஸ். "இருபத்தொன்பது வயதுப் பெண். தொலைபேசி மணி அடித்ததும் படுக்கையிலிருந்து எழுந்தார். எழுந்த உடனே நினைவிழந்து விழுந்தார்." அவ்வளவுதான் இருந்தது. எந்த ஊர், என்ன பெயர், எதுவும் கிடையாது. நான் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். இரண்டு வரி தாண்டிய பிறகுதான் உறைத்தது. இது அப்படியே அக்கா.

ஹைதராபாத் கச்சிபௌலியில் என் வேலை இதுதான். உலகத்தில் எங்கோ ஒருவர் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். சாப்பிட்ட பிறகு அவருக்கு ஏதோ ஆகிறது. அங்கிருக்கும் டாக்டர் அதை நாலு வரியில் எழுதி மருந்துக் கம்பெனிக்கு அனுப்புகிறார். அந்த நாலு வரி பல கை மாறி என் திரைக்கு வரும். நான் அதை ஒழுங்குபடுத்தி, குறியீடு போட்டு, அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்: வந்த தாளில் உள்ளதை உள்ளபடி எழுது. டாக்டர் தலைசுற்றல் என்றால் தலைசுற்றல்தான். நீ பார்மஸி படித்த மேதாவி என்பதற்காக அதை மயக்கமாக்காதே. எண் இருந்தால் எண்ணை அப்படியே எடு. ஊகிக்காதே. நான் அதில் கெட்டிக்காரி. என் கோப்புகள் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததே இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததில் பாதி இந்தக் கெட்டிக்காரத்தனத்தால் நடந்தது.

அக்கா முதல் முறை விழுந்தது எட்டாம் வகுப்பில். மாடிப்படிக்கு நேர் மேலே மாட்டியிருந்த மின்சார மணி அவள் தலைக்கு மேல் அடித்தது. மூன்று படி உருண்டாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றார் டீச்சர். சாப்பிட்டுத்தான் போயிருந்தாள், நாலு இட்லி. எனக்கு மூன்றுதான் கிடைத்தது, அதனால் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது முறை கல்லூரி விடுதியில், பரீட்சை நாளில், பக்கத்துக் கட்டில்காரியின் அலாரத்துக்கு. மூன்றாவது, கல்யாணத்துக்கு முந்தைய வருஷம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கிக்கொண்டிருந்தவளின் காதருகே அவள் போனே அலறியது. எழுந்தாள், இரண்டு அடி வைத்தாள், டீப்பாய் மேல் சரிந்தாள். கால் மணி நேரத்தில் எழுந்து டீ கேட்டாள்.

மூன்று முறையும் வீட்டில் ஒரே தீர்ப்பு: ரத்தம் கம்மி. அம்மா பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் இரும்புச் சத்து டானிக்கும் கொடுத்தாள். எங்கள் வீட்டில் பீட்ரூட் காய்கறிக் கணக்கில் வராது. அது அக்காவின் மருந்து. மூன்று முறையும் மணி அடித்தது என்பதை யாரும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

அன்று மதியம் வேலை ஓடவில்லை. படித்துக்கொண்டே இருந்தேன். இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள வேண்டும், செல்போன் சார்ஜ் ஏறுவதுபோல. சில குடும்பங்களில் பிறவியிலேயே அது தாமதமாக ஏறும். ஈசிஜியில் க்யூ என்ற இடத்திலிருந்து டி என்ற மேடு முடியும்வரை உள்ள தூரம் இருக்க வேண்டியதைவிட நீண்டிருக்கும். லாங் க்யூடி என்கிறார்கள். சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அந்தத் தாமத நேரத்தில் ஒரு அதிர்ச்சி விழுந்தால் இதயம் துடிப்பதை விட்டு நடுங்க ஆரம்பிக்கும். ஆள் விழுவார். பெரும்பாலும் தானாகவே சரியாகும். சில சமயம் ஆகாது. இதில் பல வகை உண்டு. ஒரு வகைக்காரர்களை ஓட்டமும் நீச்சலும் விழவைக்கும். இன்னொரு வகைக்காரர்களை, குறிப்பாகப் பெண்களை, திடீர்ச் சத்தம் விழவைக்கும். அலாரம், அழைப்பு மணி, போன். கடைசியாக ஒரு வரி: இந்த வகைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தைவிடப் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களே ஆபத்தானவை.

அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம் முடிந்திருந்தது.

கம்பெனி பஸ் அன்றைக்கென்று நகரவே இல்லை. வீடு செகந்திராபாத் பக்கம். அப்பா மத்திய அரசின் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருஷமாகிறது. நானும் அக்காவும் பிறந்ததே இங்கேதான்; எங்கள் பேச்சில் ஊர் உருதுவும் கலந்துவிடும். தலைப்பிரசவத்துக்காக அவள் பெங்களூரிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நான் நுழைந்தபோது சோபாவில் சாய்ந்து, வயிற்றின் மேல் தட்டை வைத்து மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ ஒரு ஈசிஜி எடுக்கணும்."

"வந்துட்டாங்க டாக்டரம்மா. போன மாசம் அப்பாவுக்கு என்ன கண்டுபிடிச்சே, கல்லீரலா?"

"அது வேற விஷயம்."

"அதுக்கு முன்னாடி உனக்கே நாக்குல என்னவோ வந்துச்சு. ரெண்டு நாள் பேசாம இருந்தே, வீடு நிம்மதியா இருந்துச்சு. நக்கோடி, வேணாம் தங்கம், என்னை விட்ரு."

நான் அந்த இருபத்தொன்பது வயதுப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். போன் மணி என்று சொன்னதும் அக்காவின் விரல் தட்டில் நின்றது.

"ஹவ், ஆமா," என்றாள் மெதுவாக. "மணிதான், இல்ல? எனக்கு மட்டும்தான் அப்படித் தோணுதோன்னு நினைச்சேன். பெங்களூர்ல என் போன் எப்பவும் சைலண்ட்லதான் இருக்கும். ஏன் எடுக்க மாட்டேங்கிறேன்னு அத்தான் தினம் சண்டை போடுவார். மணி அடிச்சா நெஞ்சுக்குள்ள ஒரு படி தவறுற மாதிரி இருக்கும்டீ. சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல."

அவள் இத்தனை வருஷமாக ஒரு வைத்தியத்தைத் தானே கண்டுபிடித்துத் தனக்குத்தானே செய்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"டெஸ்ட் எடுக்கிறதுல்லாம் சரி, அத்தை காதுக்குப் போகக் கூடாது," என்றாள். அத்தை என்பது அவள் மாமியார். "ஹார்ட்ல கோளாறு இருக்கிற பொண்ணை மறைச்சுக் கட்டிவெச்சுட்டாங்கன்னு ஆரம்பிச்சிருவாங்க."

மறுநாள் காலையிலேயே தெருமுனை லேபுக்குக் கூட்டிப்போனேன். அம்மாவிடம் சர்க்கரை டெஸ்ட் என்று சொன்னோம். பத்து நிமிஷ வேலை. இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட தாள் வந்தது. தாளின் தலையில் இயந்திரமே அச்சடித்த எண்கள். க்யூடிக்கு நேராக நானூற்று முப்பத்தெட்டு மில்லிநொடி. அதன் கீழே, எல்லாம் இயல்பு என்று ஒரு வரி. பெண்களுக்கு நானூற்று அறுபதுவரை கவலையில்லை என்று படித்திருந்தேன். ஐந்நூறைத் தாண்டினால்தான் பயம். தெருவிலேயே நின்று அக்காவைக் கட்டிக்கொண்டேன், இடையில் வயிறு இடித்தது.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. எல்லாக் கட்டுரையும் அதைக் கேட்டது: குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? மாமா ஞாபகம் வந்தார். அம்மாவின் தம்பி. எனக்கு இரண்டு வயதிருக்கும்போது, ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், ஷிப்டில் இருக்கும்போதே இறந்தவர். இருபத்தாறு வயது. கேஸ் அடித்து இறந்தார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் அம்மா இன்றும் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்வாள். பார்மஸி படித்த என்னைத் தொழிற்சாலைக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவளும் அவள்தான்; அதனால்தான் நான் கண்ணாடிக் கட்டடத்தில் அறிக்கை எழுதுகிறேன். ஆக, காரணம் தெரிந்த மரணம். இதயம் இல்லை. அந்தக் கேள்விக்கு மனதுக்குள் 'இல்லை' என்று குறித்தேன். உள்ளது உள்ளபடி.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் நானே போட்டு உடைத்தேன், நல்ல செய்தி என்ற தைரியத்தில். அம்மா முதலில் ஏசினாள், பிறகு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பிரசவம் பார்க்கும் டாக்டர் தாளின் தலையைப் பார்த்துவிட்டுக் கோப்பில் செருகினார். பீட்ரூட் பொரியல் திரும்பி வந்தது.

மூன்று வாரம் கழித்து அக்காவுக்குத் தொண்டை கட்டியது. சளி, காய்ச்சல், கூடவே வாந்தி. எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. மூடியில் ரோஜாப்பூ போட்டது, உள்ளே முழுக்க மாத்திரை அட்டைகள். இந்த ஊரில் மருந்துக் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவரையாவது தெரியாத குடும்பம் இருக்க முடியாது. யாரோ கொடுத்தது, எப்போதோ வாங்கி மிச்சமானது, எல்லாம் அதற்குள் போகும். அம்மா அதிலிருந்து கொரோனா காலத்து நினைவில் அசித்ரோமைசின் எடுத்தாள், வாந்திக்கு ஒன்று எடுத்தாள். காலாவதித் தேதியை என்னிடம் காட்டினாள். நான் தேதியைப் பார்த்தேன். தேதி சரியாக இருந்தது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற மருந்துதானே என்று தலையாட்டினேன். இந்த இரண்டுமே க்யூடியை நீட்டக்கூடியவை என்று தினமும் குறியீடு போடுகிறவள் நான். ஆனால் அக்காதான் நானூற்று முப்பத்தெட்டு ஆயிற்றே.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். நான் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, சோபாவில் கண்ணயர்ந்திருந்தாள். கூரியர்க்காரர் அழைப்பு மணியை அழுத்தினார். எங்கள் வீட்டு மணி குருவி மாதிரி கத்தும், விடாமல் கத்தும். அக்கா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் மேலே போயிற்று.

நான் வயிறு தரையில் படாமல் பிடித்துவிட்டேன், அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. கைகால் இழுத்தது. கழுத்தில் விரல் வைத்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எத்தனை நொடி என்று கேட்டார்கள் பிறகு, எனக்குத் தெரியாது. வாசலில் கூரியர்க்காரர் இன்னொரு முறை மணி அடித்தார். "அடிக்காதீங்க, அடிக்காதீங்க" என்று தமிழில் கத்தினேன், அந்த ஆளுக்கு என்ன புரிந்ததோ. அப்புறம் என் விரலுக்கடியில் ஒரு தட்டு. இன்னொன்று. அக்கா பெருமூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தாள்.

அம்மா சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து, "வெறும் வயித்துல கெடந்தா மயக்கம் வராம என்ன செய்யும்? சாப்பிடு சாப்பிடுன்னு சொன்னேம்லா" என்றாள். சொம்பு சாய்ந்து தண்ணீர் பாதி என் மேல் கொட்டியது.

அன்றே கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து வேகமாகப் பேசுகிறவர். புது ஈசிஜியைப் பார்த்தார். பழையதைக் கேட்டார். கொடுத்தேன். மேஜை இழுப்பறையிலிருந்து ஜியாமெட்ரிப் பெட்டியில் இருக்குமே, இரண்டு கூர்முனைக் கவராயம், அதை எடுத்தார். ஒரு முனையைக் கோட்டின் தொடக்கத்தில் ஊன்றி, மறுமுனையை மெல்ல விரித்துக்கொண்டே போனார். நான் நினைத்த இடத்தைத் தாண்டியும் போனார்.

"இதை நார்மல்னு சொன்னது யாரும்மா?"

"மெஷின், மேடம். அப்புறம்... நான்."

"மெஷினுக்கு அவசரம். இங்க பார், இந்த மேட்டுக்கு ஒட்டகம் மாதிரி ரெண்டு திமில் இருக்கு. முதல் திமில் இறங்கினதும் மெஷின் வேலை முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போயிடுச்சு. ரெண்டாவது திமில் முடியறவரைக்கும் அளக்கணும். இது நானூத்தித் தொண்ணூறுக்கு மேலே. இன்னைக்கு எடுத்தது ஐந்நூறையே தாண்டிடுச்சு, உங்க டப்பா மாத்திரை புண்ணியத்துல. வாந்தியில பொட்டாசியமும் போயிருக்கு."

நான் அந்த இரண்டாவது திமிலைப் பார்த்தேன். மூன்று வாரமாக என் போனில் இருந்த படம் அது. எத்தனையோ முறை திறந்திருக்கிறேன், தாளின் தலையில் இருந்த எண்ணுக்காக. கோட்டைப் பார்க்கவே இல்லை.

அக்காவை இரண்டு நாள் மானிட்டரில் வைத்திருந்தார்கள். மாத்திரைகளை நிறுத்தினார்கள், பொட்டாசியம் ஏற்றினார்கள், இதயத்தை அமைதிப்படுத்தும் மாத்திரை ஒன்றைத் தொடங்கினார்கள். குழந்தை உள்ளே எந்தக் கவலையுமில்லாமல் உதைத்துக்கொண்டிருந்தது. மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர வாரக்கணக்காகும் என்றார்கள். ஆபத்து எவ்வளவு என்று நான் டாக்டரைத் துரத்தித் துரத்திக் கேட்டேன். எனக்கு ஒரு எண் வேண்டியிருந்தது.

"எண் மட்டும் போதாதும்மா," என்றார். "எத்தனை தடவை விழுந்தாள், எப்போ விழுந்தாள், எந்த மரபணு, மாத்திரை போட்ட பிறகு கோடு எப்படி இருக்கு, எல்லாம் சேர்த்துத்தான் சொல்ல முடியும். இன்னைக்கு ஒண்ணு சொல்வேன், பிரசவத்துக்குப் பிறகு மாத்திச் சொல்வேன். மறுபடி விழுந்தா வேற வழி யோசிக்கணும். சரி, இதைச் சொல்லு. குடும்பத்துல சின்ன வயசுல யாராவது?"

"மாமா. ஆனா அது கேஸ் அடிச்சு."

"அப்போ அவர் பக்கத்துல என்ன சத்தம் இருந்தது?"

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் கேஸ் வாசனையைப் பற்றித்தான் பேச்சு. சத்தத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

மாமாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர் இப்போது பட்டான்செருவில் சொந்தமாக ஒரு ஆட்டோ ஓட்டுகிறார். அப்பாவிடம் நம்பர் இருந்தது. மறுநாள் காலை, சமையலறை மேடை மேல் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டோம். அம்மா முறத்தில் இருந்த பருப்பைக் கிளறிக்கொண்டே நின்றாள். அவர் தெலுங்கில் பேசினார். அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"கேஸா? கேஸெல்லாம் இல்லையே அக்கா. அன்னைக்கு எங்க பிளாக்கையே நிறுத்தி வெச்சிருந்தாங்க, கழுவி விடறதுக்காக. ரெண்டு பேரும் ரெஸ்ட் ரூம்ல பெஞ்சுல படுத்திருந்தோம். அவன் நல்லாத் தூங்கிட்டான். ஷிப்ட் சைரன் ஊதினதும் எழுந்து உக்காந்தான். அப்படியே சாஞ்சுட்டான். விளையாடறான்னு நினைச்சு நான் காலால தட்டினேன்."

அம்மாவின் கை முறத்தில் நின்றது. "இத்தனை வருஷம் ஏன்யா சொல்லல?"

"யாரும் கேக்கலையே அக்கா. நான் வந்தப்போ நீங்க கேஸ் கேஸ்னு அழுதுட்டு இருந்தீங்க. அழுறவங்ககிட்ட, அது இல்லன்னு எப்படிச் சொல்றது?"

போனை வைத்த பிறகு அம்மா வெகுநேரம் பருப்பில் கல் பொறுக்கினாள். அதில் கல்லே இல்லை. பிறகு சொன்னாள்: "அப்போ கம்பெனி இல்ல. எங்க ரத்தம்."

"அம்மா, நீயும் ஒரு ஈசிஜி..."

"போடி அங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு எந்த மணி அடிச்சாலும் ஒண்ணும் ஆவாது."

"உனக்கு ஒண்ணும் ஆகாம உள்ளுக்குள்ள இருக்கலாம்மா. அப்படித்தான் பாதிப் பேருக்கு..."

"இருந்தா? நான்தான அவளுக்குக் குடுத்தேன்னு ஆவும்? அதைத் தாள்ல வேற எழுதி வாங்கணுமாக்கும்?"

எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதை நானே அன்றுவரை எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அக்காவுக்காகப் பயந்துகொண்டிருப்பது அதைவிட எளிதாக இருந்தது.

அக்கா வீடு திரும்பியதும் வீடு வாயடைத்துப் போயிற்று. அப்பா ஸ்டூலில் ஏறிக் குருவியின் ஒயரைப் பிடுங்கினார். எல்லாப் போனும் அதிர்வில். குக்கருக்குப் பதில் அம்மா உருளியில் சோறு வடித்தாள். பிஸ்கட் டப்பாவை நான் தரையில் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, அக்கா தொடக் கூடாதவற்றை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். எதிர் வீட்டு நாய் குரைத்தால்கூட மூவரும் அக்கா முகத்தைப் பார்த்தோம்.

"என்ன, நான் என்ன வெடிகுண்டா?" என்றாள் அக்கா. "கைக்கு, ஏன் இப்படி முறைக்கிறீங்க? அம்மா அடுப்படியில திருடி மாதிரி நடக்குறா. அப்பா தும்மலை முழுங்குறார், அவருக்கு ஏதாவது ஆயிடப் போகுது."

நாங்கள் சிரித்தோம், சத்தமில்லாமல்.

அத்தான் வந்திருந்த அன்று எல்லோருமாக இதய டாக்டரிடம் போனோம். அத்தையிடம் அத்தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அத்தை ஒரு நாள் முழுக்கப் பேசவில்லையாம், மறுநாள் போன் செய்து மாத்திரை நேரத்தை மட்டும் கேட்டாராம். டாக்டர் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது என்றார், பிரசவத்துக்குப் பிறகு பல மாதங்களுக்கு. அலாரம் வேண்டாம், திடீர்ச் சத்தம் வேண்டாம் என்றார். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தேன். அக்கா அதுவரை ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"குழந்தை அழுமே மேடம். நான் தூங்கும்போது."

நாங்கள் வீட்டிலிருந்த எல்லா மணியையும் அணைத்திருந்தோம். ஒயரைப் பிடுங்க முடியாத ஒன்று வரவிருந்தது, இன்னும் மூன்று வாரத்தில்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல கேள்வி. மாத்திரைதான் முதல் காவல். ரெண்டாவது, தொட்டில் உன் தலைமாட்டுல இருக்கக் கூடாது. குழந்தை பக்கத்துல வேற ஒருத்தர் படுக்கட்டும். அது சிணுங்க ஆரம்பிக்கும்போதே அவங்க எழுந்துக்கணும். குழந்தையை உன்கிட்ட கொண்டுவந்து, கையைத் தொட்டு மெதுவா எழுப்பணும். சத்தத்துல நீ எழக் கூடாது, தொட்டு எழணும். யார் படுப்பீங்க?"

"நான்," என்றோம் அம்மாவும் நானும் ஒரே நேரத்தில்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் இன்னும் டெஸ்ட் எடுக்கல, இல்ல?"

எல்லோரும் ஒரே டாக்ஸியில் திரும்பினோம். அப்பா, "எனக்கு அந்த ரத்தம் இல்லைல்லா, நான் படுக்கேன் பிள்ளை பக்கத்துல" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் குறட்டை தெரு அறிந்தது. "அப்பா, குழந்தை அழறதுக்குள்ள உங்க குறட்டைக்கே நான் விழுந்திருவேன்." அத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வெளியே பார்த்தார். அவருக்குப் பத்து நாள்தான் லீவு.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "அந்த லேபு சனிக்கிழமை எத்தனை மணிக்குத் தொறப்பான்?"

"ஏழரைக்கும்மா. ஏன்?"

"ஏன்னா? பேரப்பிள்ளை பக்கத்துல நான்தான் படுப்பேன். அதுக்கு என்ன தாளு வேணுமோ எடு. இருந்தா இருக்குன்னு தெரியட்டும். நானும் மாத்திரையைப் போட்டுட்டுப் போறேன்."

ஈசிஜி சுத்தமாக இருந்தாலும் அது முழு விடுதலை இல்லை என்று அவளிடம் சொன்னேன். அக்காவின் ரத்தச் சோதனையில் பிழை எங்கே என்று தெரிந்த பிறகு எங்கள் ரத்தத்திலும் அதே இடத்தைத் தேட வேண்டும். சில பேருக்குக் கோடு ஒழுங்காக இருந்தும் உள்ளே பிழை இருக்கும். "ஒண்ணொண்ணாப் பாப்போம்" என்றாள்.

நாளை சனிக்கிழமை. முதலில் அம்மா, பிறகு நான். இதய டாக்டரிடம் திங்கள்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். கடைசி வார்த்தை அவருடையதுதான். ஆனால் அதற்கு முன்னால் நானும் அளந்து பார்க்கப் போகிறேன். கடையில் ஒரு கவராயம் வாங்கி வைத்திருக்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற அதே சாமான். லேபில் தாளைக் கையில் கொடுத்ததும் அதன் தலையில் இருக்கும் எண்களைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வேன். கோட்டை மட்டும் பார்ப்பேன், மேடு ஏறி, இறங்கி, முழுசாகத் தரையைத் தொடும் இடம் வரைக்கும். அம்மாவுடையதை அளந்துவிடுவேன். என்னுடையதை அளப்பேனா என்று தெரியவில்லை.